யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டில் நல்ல படங்கள் கிடைக்க: யார் எங்கே நிற்பது, யார் எப்போது விலகுவது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் யாழ்ப்பாணத்துச் சைவத் திருமணங்களைப் பற்றியது. கிறிஸ்தவத் திருமணங்களுக்கென ஒரு கேள்வி பின்னால் உண்டு. ஊருக்கு ஊரும் ஐயருக்கு ஐயரும் சடங்குகளின் ஒழுங்கு சற்று மாறும் என்பதால், உங்கள் வீட்டு முறையை ஐயரிடம் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நல்ல கமராக்காரரைப் பேசி முற்பணமும் கொடுத்துவிட்டோம். இனி வீட்டார் செய்வதற்கு என்ன இருக்கிறது?

ஓர் ஆளைப் பொறுப்பாக விடவேண்டும். கமராக்காரருக்கு ஒளி தெரியும், ஆனால் உங்கள் பெரியப்பா யார் என்பது தெரியாது. முன்வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிற முதியவர் பெண்ணின் அம்மம்மாவா அல்லது அயல்வீட்டுக்காரரா என்று சொல்ல அவருக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். இரு வீட்டாரிலும் ஒவ்வொருவரை, முகங்களை நன்றாக அறிந்தவராகவும் பெரியவர்களும் சொல்லைக் கேட்டு நடக்கக்கூடியவராகவும் பார்த்து முன்கூட்டியே நியமித்துவிடுங்கள். பெண் வீட்டில் தாய்மாமனோ மூத்த அத்தானோ இதற்குப் பொருத்தமாக இருப்பார்கள். பெற்றோரை இந்த வேலைக்கு விடக்கூடாது, ஏனென்றால் அவர்கள் மணவறையில் இருக்கவேண்டியவர்கள். தோழனையும் விடக்கூடாது, அவருக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது.

அந்தப் பொறுப்பாளரின் சட்டைப்பையில் ஒரு தாள் இருக்கட்டும். குடும்பப் படத்துக்கு யார் யார் சேர்ந்து நிற்கவேண்டும் என்பதைப் பெயரோடு அதில் எழுதுங்கள். ஒரு குழுவைக் கூப்பிட்டு, நிறுத்தி, படம் பிடித்து, இறக்கி விடுவதற்கு இரண்டு நிமிடமாவது எடுக்கும். முப்பது குழு என்றால் ஒரு மணி நேரம் போய்விடும் என்பதைக் கணக்குப் பார்த்துத் தாளைச் சுருக்குங்கள். இந்தத் தாள் இல்லாத வீடுகளில்தான் அல்பம் வந்தபிறகு “சின்னம்மாவின் படம் ஒன்றுகூட இல்லையே” என்ற பேச்சு எழுகிறது.

மாப்பிள்ளைத் தோழனும் தோழியும் படங்களுக்காகத் தனியாக ஏதாவது செய்யவேண்டுமா?

செய்யவேண்டும். மணவறையில் மணமக்களுக்கு மிக அருகில் தொடக்கம் முதல் முடிவுவரை இருப்பவர்கள் ஐயரைத் தவிர இவர்கள் இருவருமே. பெண்ணின் சகோதரன் தோழனாகவும், மாப்பிள்ளையின் சகோதரி தோழியாகவும் நிற்பது நம்முடைய பொது வழக்கம்.

தோழனின் முதல் படம் வாசலிலேயே வந்துவிடுகிறது. மாப்பிள்ளையின் காலைக் கழுவி அவரை வரவேற்பதும், மாப்பிள்ளை அவருக்கு மோதிரம் அணிவிப்பதும் ஒரு சில கணங்களில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் மேளமும் ஆராத்தித் தட்டும் இரு வீட்டாரும் ஒரே இடத்தில் நெருக்குவதால், இரண்டு பேரின் கையும் முகமும் ஒன்றாகத் தெரியும் இடைவெளியே கிடைப்பதில்லை. மோதிரத்தைப் போட்டவுடன் கையை இழுத்துக்கொள்ளாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒரு மூச்சு நேரம் நின்றாலே போதும். மணவறையில் தோழன் கவனிக்கவேண்டியது மாப்பிள்ளையின் தலைப்பாகை. அது நெற்றியில் இறங்கினால், மேலிருந்து விழும் மண்டப விளக்கில் இரண்டு கண்ணும் நிழலுக்குள் போய்விடும். குனிந்து நிமிர்ந்த ஒவ்வொரு சடங்கின் பின்பும் அதை ஒரு விரலால் உயர்த்தி விடவேண்டும்.

தோழியின் வேலை இதைவிடக் கடினம். ஓமத் தீ அணையக்கூடாது என்பதற்காக மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். பட்டுச்சேலை, மாலை, நகை, தீயின் வெக்கை எல்லாம் சேர்ந்து பெண்ணுக்கு வியர்த்து ஒழுகும். தோழியின் கையில் மெல்லிய வெள்ளைக் கைக்குட்டை ஒன்று இருக்கட்டும். தேய்க்காமல் ஒற்றி எடுக்கவேண்டும். மாலை நகையை மறைக்கிறதா, நெற்றிப்பட்டம் சரிந்திருக்கிறதா, பெண் எழும்பும்போது கூறைச் சேலையின் கொய்யகம் (முன்மடிப்பு) காலில் சிக்குகிறதா என்று பார்ப்பதும் அவருடைய பொறுப்பே. இவற்றைச் செய்தபின் அரை அடி பின்னால் போய் நிற்கவேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தாலி கட்டும் படம் பலருக்கும் சரியாக வருவதில்லை. காரணம் என்ன?

பெண் கிழக்கு முகமாக இருக்க, மாப்பிள்ளை எழுந்து அவளுடைய வலப்பக்கமாக வந்து மேற்கு முகமாக நின்று தாலி கட்டுவது இங்கே பெருவழக்கு. அதாவது சபையை நோக்கிப் பெண்ணின் முகமும், மாப்பிள்ளையின் முதுகும் இருக்கும். நேர் முன்னால் நிற்கிற கமராவுக்கு முதுகும் சால்வையும்தான் அகப்படும். அத்தோடு பெண்ணின் தலைமயிரைத் தூக்கிப்பிடிக்கத் தோழி குனிவார், பூட்டைப் பூட்ட உதவி செய்ய இன்னொரு மாமியும் குனிவார், ஐயர் மந்திரம் சொல்லியபடி கையை நீட்டுவார். நம்முடைய தாலிக்கொடி பாரமான தங்கக்கொடி; அதன் பூட்டு மஞ்சள் கயிற்று முடிச்சைப்போல எளிதாக விழாது. பூட்டுச் சிக்கும்போது நாலு கைகள் உதவிக்கு வரும், அதற்குப் பிறகு படத்தில் கைகள் மட்டுமே இருக்கும்.

இதற்குப் பரிகாரம் முதல்நாளே இருக்கிறது. தாலிக்கொடியின் பூட்டை எப்படித் திறந்து பூட்டுவது என்று மாப்பிள்ளைக்கும் தோழிக்கும் காட்டிக்கொடுங்கள். உதவிக்குத் தோழி ஒருவர் போதும் என்று மற்றவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை முழுக்க முன்னால் வராமல் பெண்ணின் தோளுக்குப் பக்கமாகச் சற்றுச் சரிந்து நின்றால், பக்கவாட்டில் நிற்கும் கமராவில் இருவரின் முகமும் விழும். அப்படி நிற்கலாமா என்று ஐயரிடம் முதலிலேயே கேட்டு வைக்கவேண்டும், அந்த நேரத்தில் கேட்கக்கூடாது. கமராக்காரர் இருவர் வந்திருந்தால் ஒருவர் இடப்பக்கமும் ஒருவர் வலப்பக்கமுமாக நிற்கட்டும். வீடியோக்காரரின் இடத்தையும் அப்போதே பேசி முடித்துவிடவேண்டும். இருவரும் ஒருவரையொருவர் மறைத்துக்கொண்டு அல்லற்படுவது கலியாண வீடுகளில் சாதாரணமாகக் காணும் காட்சி.

“மாங்கல்யம் தந்துனானேன” என்று ஐயர் தொடங்குவதே கமராக்காரருக்கு அடையாளம். கெட்டிமேளம் கேட்டபிறகு கமராவைத் தூக்குகிறவர் பிந்திவிட்டார்.

படம் சரியாக வராவிட்டால் மாப்பிள்ளையை இன்னொரு தடவை கட்டுவதுபோல் காட்டச் சொல்லலாமா?

கூடாது. முகூர்த்தத்தில் கட்டிய தாலியைப் படத்துக்காகத் திரும்பவும் தொடுவதைப் பெரியவர்கள் எவரும் விரும்பமாட்டார்கள், அவர்கள் விரும்பாததில் நியாயமும் உண்டு. மோதிரம் போடுவது, மாலையைச் சரிசெய்வது, பால்பழம் கொடுப்பது போன்றவற்றில் ஒரு கணம் தாமதித்து நிற்கும்படி கேட்கலாம். கன்னிகாதானம், தாலி, ஓமம் ஆகிய மூன்றிலும் கமரா சடங்கின் பின்னால் போகவேண்டும்.

கூறை மாற்றும் நேரத்தில் கமராக்காரர் என்ன செய்யவேண்டும்?

கூறையும் தாலியும் வைத்த தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றி வருவதும், பெண் கூறை மாற்றப் போவதும் அடுத்தடுத்து நடக்கும். கமராக்காரர் சபைக்குள் இறங்கித் தட்டின் பின்னால் போகவேண்டிய நேரம் இதுதான். வந்திருக்கும் ஒவ்வொருவரும் தட்டைத் தொட்டு வணங்கும் அந்தக் கணத்தில், கமராவை நினைக்காத முகங்கள் வரிசையாகக் கிடைக்கும். குழுப்படத்துக்கு மேடையேற மாட்டேன் என்று மறுக்கிற முதியவர்களின் நல்ல படம் பெரும்பாலும் இங்கேதான் அமைகிறது. தட்டைக் கொண்டுபோகிறவர் அவசரப்படாமல், வரிசை தவறாமல் போகவேண்டும்.

பெண் உடுத்தும் அறைக்குள் ஆண் கமராக்காரர் போகக்கூடாது. கூறை உடுத்தி முடிந்து, தோழி கதவைத் திறந்து சொன்னபிறகு வாசலில் நின்று பிடிக்கலாம்.

உறவினர் எல்லாரும் கைத்தொலைபேசியோடு முன்னால் வந்துவிடுகிறார்கள். பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது?

கமராக்காரர் சொன்னால் கோபம் வரும், பிள்ளைகள் சொன்னால் மரியாதைக் குறைவு என்பார்கள். ஆகவே இரண்டு இடத்தில் சொல்லவேண்டும். மாப்பிள்ளை மணவறைக்கு வந்தவுடன் ஒலிவாங்கியில் ஒருவர், “தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் இருந்த இடத்தில் இருந்தே அறுகரிசி தூவி ஆசீர்வதியுங்கோ, பிறகு மேடைக்கு வந்து ஆறுதலாகப் படம் எடுக்கலாம்” என்று ஒருமுறை சொல்லட்டும். ஐயரே சொன்னால் இன்னும் நல்லது. அவருடைய சொல்லுக்கு எதிர்ப்பேச்சு இருக்காது. அதற்குப் பிறகும் எழும்பி வருகிறவர்களைப் பொறுப்பாளர் பக்கத்தில் போய், காதோடு காதாக, “பெரியம்மா, இதிலே என்னோடு நில்லுங்கோ, இங்கையிருந்து வடிவாய்த் தெரியும்” என்று ஓர் இடத்தைக் காட்டி அழைக்கவேண்டும். விலகச் சொல்வதைவிட இடம் கொடுப்பது எளிதாகப் பலிக்கும்.

போனின் முன்விளக்கு எரிகிறதா என்று பார்த்து அணைப்பது ஒவ்வொருவரின் கடமையும்கூட. பக்கத்திலிருந்து ஒரு போன் விளக்கு அடித்தால், நல்ல கமராவிலும் பெண்ணின் ஒரு கன்னம் வெளுத்துப்போகும்.

வெளிநாட்டு உறவினருக்கு நேரலை காட்டவேண்டும். போனை எங்கே வைப்பது?

காலை 9 மணி முகூர்த்தம் என்றால், கோடைகாலத்தில் லண்டனில் அதிகாலை 4.30, ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 11.30. அந்த நேரத்தில் விழித்திருந்து பார்க்கிற சித்தப்பாவுக்கு ஆடாத படமும் தெளிவான சத்தமும் கொடுப்பது நம் கடமை. ஆகவே ஒருவர் கையில் பிடித்து அலையக்கூடாது. முக்காலியில், மணவறையின் ஒரு பக்க மூலையில், கமராக்காரர் நிற்கும் கோட்டுக்கு வெளியே நிலையாக வையுங்கள். மேளத்துக்கு அருகில் வைத்தால் மந்திரம் எதுவும் கேட்காது.

மணவறை அலங்காரத்தில் ஒளியைப் பற்றி யோசிக்கவேண்டுமா?

அல்பம் கெட்டுப்போவதற்கு முதற்காரணம் இதுதான் என்பது என் எண்ணம். ஊதாவும் நீலமும் சிவப்புமாக எல்.ஈ.டி. விளக்குகளை மணவறைக்குள் எறிகிற பழக்கம் பரவிவிட்டது. கண்ணுக்கு அது விழாக்கோலமாகத் தெரியலாம். படத்தில் பெண்ணின் முகம் ஒரு பக்கம் ஊதாவாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் விழுந்துவிட்டால், பிறகு கணினியில் எவ்வளவு திருத்தினாலும் தோலின் நிறம் திரும்பாது. மஞ்சள் பூசிய முகத்துக்கும் குங்குமத்துக்கும் தங்கத்துக்கும் வெள்ளை ஒளியே பொருந்தும். வண்ண விளக்குகளைப் பின்திரைக்கும் தூண்களுக்கும் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். மணமக்கள் மேல் விழும் விளக்குகள் எல்லாம் ஒரே வகை வெள்ளையாக இருக்கட்டும்.

வீட்டு முற்றத்தில் பந்தல் போடுகிறவர்கள் தறப்பாளின் நிறத்தைக் கேட்டு வாங்கவேண்டும். நீலத் தறப்பாளுக்குக் கீழே பகல் வெயில் இறங்கினால் எல்லார் முகமும் நீலம் பாய்ந்து நோயாளியைப்போல் இருக்கும். பச்சை இன்னும் மோசம். வெள்ளைத் துணி கட்டினால் வெயில் மெதுவாகப் பரவி இறங்கும். கிடுகுப் பந்தலில் வண்ணம் ஏறாது, ஆனால் ஓட்டை வழியாகப் புள்ளி புள்ளியாக வெயில் விழும் என்பதால் உள்ளே வெள்ளை கட்டுவது நல்லது. மணமக்கள் கிழக்கு நோக்கி இருப்பதால், பந்தலின் கிழக்குப் பக்கத்தை அடைக்காமல் விட்டால் காலை முகூர்த்தத்தில் முகத்துக்கு இயற்கை ஒளி தானாகவே வந்துவிடும். சோடனைக்காரர் அந்தப் பக்கத்தில் பெரிய பெயர்ப்பலகை வைக்க முன்வந்தால் இடம் மாற்றச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நாள் வைத்தவர்கள் மழையை எதிர்பார்த்தே ஆகவேண்டும். வடகீழ்ப் பருவமழையில் வானம் இருண்டு கிடக்கும். மின்சாரம் நின்றாலும் மணவறை விளக்கு எரிய மின்பிறப்பாக்கி ஒன்று தயாராக இருக்கட்டும்.

ஐயரோடு கமராக்காரர் எப்படி நடந்துகொள்ளவேண்டும்?

தொடங்குவதற்கு முன் போய் வணங்கி, எந்தப் பக்கம் நிற்கலாம் என்று கேட்கவேண்டும். ஓமத்துக்கும் மணமக்களுக்கும் இடையில் குறுக்கே போகக்கூடாது, மணவறையில் செருப்போடு ஏறக்கூடாது, பாலிகை (முளைவிட்ட நவதானியச் சட்டி), கும்பம் வைத்த இடத்தில் கமராப் பையை வைக்கக்கூடாது. ஐயரிடம் நாம் கேட்கக்கூடிய உதவி ஒன்று: ஒலிவாங்கியைப் பெண்ணின் முகத்துக்கு நேராக நிறுத்தாமல் தம் பக்கமாகச் சரித்து வைக்கச் சொல்லலாம்.

அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை பெண்ணின் காலைப் பிடித்து வைத்து மெட்டி அணிவிப்பார். கமராவைத் தாழ்த்தித்தான் பிடிக்கவேண்டும், ஆனால் சேலையின் ஓரம் கணுக்காலுக்கு மேலே ஏறாமல் தோழி பிடித்துக்கொண்டபின் பிடிப்பதே மரியாதை. அருந்ததி பார்க்க வெளியே வரும்போது கண்கூசும் வெயில் பின்னால் இருக்கும். மணமக்கள் நிழலின் விளிம்பில் நின்றபடியே வானத்தைக் காட்டினால் போதும்.

மணமக்கள் கமராவைப் பார்க்கவேண்டுமா?

சடங்கின்போது வேண்டாம். குழுப்படத்தில் மட்டும் பார்த்தால் போதும். பலர் கூப்பிடும்போது, நியமித்த கமராக்காரரை மட்டும் பாருங்கள்; ஆளுக்கு ஒரு திசையில் பார்க்கும் இருவரை எந்த அல்பத்திலும் காணலாம்.

குடும்பப் படங்களை எந்த ஒழுங்கில் எடுப்பது? தகப்பனார் இல்லாத வீட்டில் அம்மா மேடைக்கு வரத் தயங்குகிறார்.

முதியவர்களை முதலில் கூப்பிடுங்கள். தாலி கட்டியவுடன் பந்திக்குக் கூட்டம் எழும்பிவிடும் என்பதால், அப்பம்மா, அம்மப்பா, சக்கரநாற்காலியில் வந்தவர், தீவுப்பகுதிக்குப் படகு பிடிக்கவேண்டியவர் என்று காத்திருக்க முடியாதவர்களிலிருந்து தொடங்கவேண்டும். மேடைக்கு ஏற முடியாதவரிடம் மணமக்கள் இறங்கிப் போகட்டும், அந்தப் படம் மேடைப் படத்தைவிட எப்போதும் நன்றாக இருக்கும். நண்பர்கள் கடைசியில் வரலாம்.

கணவரை இழந்த தாய் தூணுக்குப் பின்னால் நின்று பிள்ளையின் கலியாணத்தைப் பார்க்கிற வழக்கம் போரிலே இத்தனை பேரை இழந்த நம்முடைய ஊரில் இன்னும் இருப்பது எனக்கு உடன்பாடில்லை. சடங்கில் யார் நிற்பது என்பதை அந்தந்த வீடு தீர்மானிக்கட்டும். குடும்பப் படத்துக்குச் சாத்திரத் தடை எதுவும் கிடையாது. முதல் குடும்பப் படமே அம்மாவோடு என்று தாளில் எழுதி, அவரைக் கூட்டிவரப் பொறுப்பாளரை அனுப்புங்கள். எல்லார் முன்னும் கூப்பிட்டு வற்புறுத்தினால் அவர் இன்னும் ஒதுங்குவார். இறந்தவரின் படத்தைச் சட்டத்தோடு பிடித்து நிற்க விரும்பும் வீடுகள், கண்ணாடியில் விளக்கு எதிரொளிக்காமல் அதைச் சற்றே கீழ்நோக்கிச் சரித்துப் பிடிக்கவேண்டும்.

தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கலுக்கும் கமரா வேண்டுமா?

வேண்டும், ஒருவர் போதும். மாப்பிள்ளை வீட்டில், சிறிய கூட்டத்தில், ஆசாரியின் நெருப்பொளியில் நடக்கிற சடங்கு அது. கமராவின் மின்னொளியை அணைத்துவிட்டுப் பிடித்தால் பொன் உருகும் நிறம் அப்படியே விழும். பாலறுகு (பாலில் தோய்த்த அறுகம்புல்) வைக்கும்போதும் வைப்பவர் மாப்பிள்ளைக்கு முன்னால் மறைத்து நில்லாமல் பக்கமாக நிற்கவேண்டும்.

வெளியிடப் படப்பிடிப்புக்கு எங்கே போகலாம்? ட்ரோன் பறக்கவிடலாமா?

பண்ணைக் கடற்கரையில் மாலை வெயில் நல்லது. ஆடி, ஆவணியில் ஏறக்குறைய ஆறரை மணிக்குச் சூரியன் மறையும் என்பதால் ஐந்தரைக்கு அங்கே நிற்கவேண்டும். யாழ்ப்பாணக் கோட்டை, மந்திரிமனை போன்ற இடங்கள் தொல்லியல் சின்னங்கள் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போவதே முறை. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலுக்குள் படம் பிடிக்க முடியாது, ஆண்கள் மேலாடையோடு உள்ளே போகவும் முடியாது; மாலையும் கழுத்துமாகக் கும்பிடப் போகிறவர்கள் படத்தை வெளிவீதியோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கோவிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும் என்பதால், அந்தப் பக்கத்து மண்டபங்களில் நாள் வைத்தவர்கள் கமராக்காரரின் வாகனம் எந்த வழியால் வருவது என்பதையும் சொல்லிவைக்கவேண்டும்.

ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. பலாலி விமான நிலையமும் படைமுகாம்களும் உள்ள மாவட்டம் இது. அனுமதிப் பத்திரத்தைக் காட்டாத ஒருவரைக் கலியாணத்துக்கு அமர்த்தாதீர்கள்.

தேவாலயத் திருமணத்தில் என்ன வேறுபாடு?

பங்குத்தந்தையின் சொல்லே முடிவு. எதுவரை முன்னால் போகலாம், மின்னொளி பாவிக்கலாமா என்பவற்றை ஒத்திகை நாளில் கேட்டுவிடுங்கள். திருப்பலியில் எழுந்தேற்றத்தின்போது கமராக்காரர் அசையாமல் நிற்கவேண்டும். நம்மூர்க் கத்தோலிக்கத் திருமணங்கள் பலவற்றில் தாலியும் ஆசீர்வதித்துக் கட்டப்படுகிறது. மேலே தாலியைப் பற்றிச் சொன்னவை அங்கேயும் பொருந்தும்.

கமராக்காரருக்குச் சாப்பாடு எப்போது கொடுப்பது?

முதல் பந்தியில், மணமக்கள் இளைப்பாறும் வேளையில். கடைசிப் பந்திவரை காக்க வைத்தால், பூதாக்கலத்தில் மணமக்கள் ஒருவருக்கொருவர் ஊட்டும்போது அவர் வேறெங்கோ இலைக்கு முன்னால் இருப்பார்.

படங்களை முகநூலில் யார் முதலில் போடுவது?

மணமக்கள். விருந்தினர் தாம் பிடித்ததைப் போடுவதற்கு முன் அவர்கள் போடும்வரை பொறுக்கவேண்டும், அழுதுகொண்டிருக்கும் படத்தையும் சாப்பிடும் படத்தையும் கேட்காமல் போடவே கூடாது. ஸ்டூடியோ தன் விளம்பரத்துக்குப் படங்களைப் பாவிக்கலாமா, எத்தனை மாதத்தில் அல்பம் வரும், திருத்தாத படங்களும் கிடைக்குமா என்பவற்றை முற்பணம் கொடுக்கும் நாளிலேயே எழுத்தில் வாங்குங்கள். அல்பத்துக்குப் படம் தெரிவுசெய்யும் வேலையை இரு வீட்டாரும் ஒன்றாகச் செய்யாவிட்டால், பெண் வீட்டார் பணம் கொடுத்த அல்பத்தில் மாப்பிள்ளையின் மாமிமார் இரண்டு பக்கத்தோடு முடிந்துபோவார்கள்.